காரணம் எழுதாத கடிதம்

ஓய்வு பெற்ற தாதிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, அலுமாரிச் சாவி எங்கே என்று கேட்பதற்கு. மற்றப் பாதி, நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பதற்கு. போன மாதம் வந்தது இரண்டாவது வகை. எங்கள் சிறுநீரகப் பிரிவில் என் கதிரையில் இப்போது இருக்கும் நிரோஷினி பேசினாள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்காரி.

"மிஸ், சனம் சண்டைக்கு வருது. கிட்னி தாறன் எண்டு வந்த ஆளை ஏன் வேணாம் எண்டனீங்கள் எண்டு கேக்கினம். கடிதத்தில காரணத்தை ஒரு வரி போட்டா என்ன?"

"போடாத," என்றேன்.

"ஏன் மிஸ்?"

"அத போன்ல செல்ல ஏலாது. எழுதித் தாரேன்."

இதோ எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். புத்தளம் கரையோரத்தில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். யாருடைய ரகசியத்தை எழுதுகிறேனோ, அவளிடம் முதலில் கேட்டேன். "எழுதுங்க மிஸ், நாலு பேருக்கு வெளங்கட்டும்" என்று அவள் சொன்ன பிறகுதான் பேனையை எடுத்தேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கற்பிட்டியில் பிறந்தேன். தாதியாகப் போவேன் என்று அடம்பிடித்தபோது வாப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் அவரே பயிற்சிக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார். பயிற்சி, மகப்பேற்று வாட்டு, சத்திரசிகிச்சை வாட்டு என்று சுற்றி, இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அங்கே மாற்றினார்கள். ஆறு மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஓய்வு பெறும் நாள்வரை அங்கேதான் இருந்தேன். நன்றாகவே வேலை செய்தேன் என்று தயங்காமல் சொல்வேன். அந்தப் பிரிவில் நான் செய்த ஒரு பெரிய பிழையைத்தான் இங்கே எழுதப்போகிறேன் என்பதால், இந்தச் சின்னப் பெருமையை மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரிய டொக்டர் சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தமிழை நோயாளிகளிடம் படித்தவர். அதனால் அவர் பேசியது முழுக்க எங்கள் முஸ்லிம் பேச்சு; சொல்வதைச் 'செல்வது' என்றும், முடியாததை 'ஏலாது' என்றும் பேசும் பேச்சு. யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்தால், இந்தச் சிங்கள டொக்டர் எங்கே இப்படிப் பேசப் பழகினார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சிக்கலான கதை வந்தால் அவருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டும். அதனால் கிட்னி தருவதாக வந்தவர்களை அவர் சந்தித்த அறைக்குள் நானும் எப்போதும் இருந்தேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் மேசை கிடையாது. மூன்று கதிரைகள் மட்டும். மேசை இருந்தால் ஆட்கள் அரச அலுவலகத்துக்கு வந்ததுபோல் எதற்கும் ஓம், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கோப்பை வெளியே விட்டுவிட்டு வருவார். கூட வந்த குடும்பத்தை அவரே நடைவாசல்வரை கூட்டிப்போய், பக்குவமாகச் சிரித்துப் பேசி, கதவைச் சாத்திவிட்டு வருவார். வந்தவர் உட்காரும்வரை நின்றுகொண்டிருப்பார். பிறகு ஒரு பிளேன்டீ வரும். அதைக் குடித்து முடிக்கும்வரை கிட்னி என்ற சொல்லே வராது. இன்று ஆரோடு வந்தீங்க, எத்தனை மணிக்கு பஸ் ஏறினீங்க, வீட்டில் ஆரு சமைக்கிறது என்று கேட்பார். ஒருமுறை, மச்சான் முறை என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவருக்கு, தான் கிட்னி கொடுக்க வந்த வீட்டில் யார் சமைப்பார்கள் என்று தெரியவில்லை. டொக்டர் தேநீரை முடிக்கவிட்டு, மரியாதையாகவே அவரை அனுப்பினார். அவரைக் காசுக்குப் பிடித்து அனுப்பிய தரகன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

தேநீர் முடிந்த பிறகு ஒரு கேள்வி வரும். எல்லோருக்கும் அதே கேள்விதான்.

"நாளைக்கு நீங்க ஏலாது எண்டு சென்னா, வீட்டில மொதல்ல ஆரு ஒங்களோட கதைக்காம விடுவாங்க?"

உண்மையில் கொடுக்க விரும்பி வந்தவர்கள் யோசிப்பார்கள், அல்லது சிரிப்பார்கள். தள்ளப்பட்டு வந்தவர்கள் கதவைப் பார்ப்பார்கள். நான் இதைப் பல வருடம் கவனித்திருக்கிறேன், தவறியதில்லை.

பிறகு சொல்வார்: "இது வாழ்வு கொடுக்கிற வேலை. ஆனா ஒங்கட ஒடம்பு. விருப்பம் இல்ல எண்டா இப்ப செல்லுங்க. காரணம் வாணாம். நான் வெளியில போய்ப் பொருந்தல்ல எண்டு செல்லுவேன். அந்தப் பொய் என்ட பொறுப்பு."

அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். கொடுக்க மனமில்லாத ஆள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்ன வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். இதே சந்திப்பு மூன்று முறை நடக்கும், இடையில் குறைந்தது ஒரு கிழமை. மூன்றாவது முறையும் அதே தேநீர், அதே கேள்வி.

எலுவன்குளத்தில் குடியேறியிருந்த செல்வராணி என்ற பெண், கணவனுக்குக் கிட்னி கொடுக்க வந்தவள், மூன்றாம் முறை டொக்டரைத் திட்டியே விட்டாள். "மூண்டு தரம் கேட்டா என்ன, மூண்டு கிட்னியே தரப்போறன்? குளத்தில தண்ணி வந்திட்டுது, விதைக்க வேணும். கெதியா வெட்டுங்கோ." டொக்டர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து, வைத்தியர்கள் குறித்த ஓய்வுக் காலத்தை முணுமுணுத்துக்கொண்டே கழித்துவிட்டு, அவள் வயலில் இறங்கினாள். இன்றைக்கும் ஆடிப்பாடி நிற்கிறாள். புருஷன்தான் இப்போது அவளுக்குப் பயந்து நடக்கிறான்.

பரிசோதனைகளும் லேசில்லை. அதில் ஒன்று, இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரை ஒரு பெரிய பிளாஸ்டிக் கானில் சேர்த்துக் கொண்டுவருவது. நுரைச்சோலையிலிருந்து பஸ்ஸில் அந்தக் கானைக் கொண்டுவரும் பெண்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி அதற்குத் துணி சுற்றி மடியில் வைத்திருக்க, கண்டக்டர் தேன் என்று நினைத்து விலை கேட்டானாம். இன்னொருவர், அளவு குறைந்தால் தன்னை வேண்டாம் என்று விடுவார்களோ என்று பயந்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி நிரப்பிக் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு அவ்வளவு ஆசை. அவரிடம் நான் கோபப்படவில்லை. மறுநாள் புதிய கான் கொடுத்து அனுப்பினேன்.

இனி நௌசரின் கதை.

நௌசர் குறிஞ்சிப்பிட்டியில் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். இருபத்தொன்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் போய், கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், எங்கள் இயந்திரத்தில் நாலு மணி நேரம் படுப்பார். நல்ல மனிதர். இயந்திரம் முனகினால், எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று படுத்தபடியே சொல்வார். வாப்பா இல்லை. உம்மாவுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம்; அவர் கொடுக்க முடியாது. மனைவி பாஹிமாவின் இரத்தம் சேரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே தங்கை, றிஸ்னா. இருபத்துமூன்று வயது, பாலர் பாடசாலையில் ஆசிரியை. இரத்தம் பொருந்தியது. திசுவும் நன்றாகவே பொருந்தியது. பாஹிமா அன்றைக்கே வட்டிலப்பம் செய்து எங்கள் எல்லோருக்கும் கொண்டுவந்து தந்தாள்.

பாஹிமாவைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். புருஷன் கண் முன்னால் கரைகிறான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்திருப்பேன்.

றிஸ்னா முதல் இரண்டு சந்திப்பிலும் "ஓம், குடுக்கிறேன்" என்றாள். யார் கதைக்காமல் விடுவார்கள் என்ற கேள்விக்குக் கதவைப் பார்த்தாள். டொக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மூன்றாம் முறை தேநீரை அவள் தொடவே இல்லை.

"மிஸ்," என்றாள் என்னிடம். "நான் ஏலாது எண்டு சென்னா, நான் கெட்டவளா?"

நான் மொழிபெயர்க்கத் திரும்பினேன். டொக்டருக்கு அது ஏற்கனவே விளங்கியிருந்தது. "கெட்டவ இல்ல," என்றார் அவளிடம் நேராக. "பயந்த ஆள். பயந்த ஆளுக்கிட்ட இரிந்து நான் எடுக்க மாட்டேன்."

அவள் அழுதாள். அழுது முடிந்ததும், அண்ணனை நினைத்து, "நானாக்குத் தெரிய வாணாம்" என்றாள். டொக்டர் சத்தியம் செய்வதுபோலத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

நடைவழியில் நௌசரும் பாஹிமாவும் நின்றார்கள். டொக்டர் போய், "பொருந்தல்ல, வேற வழி பாப்பம்" என்று சொல்லி, நௌசரின் தோளில் கை வைத்துவிட்டு வாட்டுக்குப் போனார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் அங்கேயே நின்றேன். பாஹிமா என் கையைப் பிடித்தாள்.

"என்ன மிஸ் பொருந்தல்ல? ரத்தம் சரி எண்டு நீங்கதானே சென்னீங்க. திசுவும் சரி எண்டு சென்னீங்க. இப்ப என்ன?"

கேள்வி நியாயமானது. பதில் இல்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதற்குள் றிஸ்னா அறையிலிருந்து வெளியே வந்து, தலையைக் குனிந்துகொண்டு தூரத்தில் நின்றாள். பாஹிமாவின் பார்வை அவள் பக்கம் போவதைக் கண்டேன். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

"ஸ்கேன்ல பாத்தோம்," என்றேன். "அவட கிட்னி ஒண்டு மத்ததவிடச் சின்னது. ஒண்ட எடுத்தா மத்தது தாங்காது. அவளுக்குத்தான் ஆபத்து."

பாஹிமா என் கையை விட்டாள். போய் றிஸ்னாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் கிடங்கறைக்குப் போய் ஊசிகளை எண்ணி அடுக்கினேன். என் பொய்யை நினைத்து எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. டொக்டரின் பொய்யைவிட என் பொய் நன்றாகப் பொருந்தியது, யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தேன். மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவள் நான். எங்கள் ஊரில் பெண்ணின் உடம்பைப் பற்றிய ஒரு வார்த்தை எங்கே எங்கே போகும் என்று தெரியாதவளா? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

எட்டு மாதம் போனது. றிஸ்னாவுக்குப் பேசிவந்த ஓர் இடம் சத்தமில்லாமல் நின்றுபோனது என்று நௌசர் ஒருநாள் சொன்னார். நசீபு இல்லை, கொடுத்துவைக்கவில்லை என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக் வரிசையில் நிற்காமல் நேராக ஒரு பெண் என்னிடம் வந்தார். நல்ல வெள்ளை அபாயா, கையில் குடை. மகன் நுரைச்சோலை மின்நிலையத்தில் தொழில்நுட்பக்காரன் என்றும், அவனுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், நீங்களும் புள்ளைகள் பெத்த ஆள். மறைக்காம செல்லுங்க. றிஸ்னாட கிட்னி ஒண்டு சின்னதாமே? நானாக்காரனுக்கு ஏற்கனவே போயிட்டு. இது கொடிவழில வார வருத்தமா? நாளைக்கு என்ட மகன் அவளையும் இந்த மெசின்ல கொண்டுவந்து படுக்க வெக்கணுமா?"

அப்போதுதான் விளங்கியது, முதல் இடம் ஏன் நின்றது என்று.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இரண்டு கிட்னியும் பத்து பேருக்குப் போதும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் அது குறிஞ்சிப்பிட்டிக்குப் போயிருக்கும். ஒன்றுமில்லை என்றால் ஏன் பொருந்தவில்லை என்றீர்கள் என்று பாஹிமா கேட்பாள். பதில் ஒன்றுதான்: அவள் கொடுக்க விரும்பவில்லை. சொல்லாவிட்டால் அவளுடைய கலியாணம் போகும். சொன்னால் அவளுடைய வீடு போகும். இரண்டுக்கும் நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்.

"எந்த ஆளுட விசயத்தையும் வெளிய செல்ல எனக்கு அனுமதி இல்ல," என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெளங்குது," என்றார். "ஒண்டும் இல்லாட்டி, இல்ல எண்டு செல்லியிருப்பீங்க." குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் டொக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனை மூடியைக் கழற்றினார், மூடினார்.

"கிட்னி சின்னது எண்ட பொய் ஆருட?"

"என்ட."

"அவ ஏலாது எண்டு சென்ன ரகசியம் ஆருட?"

"அவட."

"அப்ப என்ட ரூமுக்கு ஏன் வந்தீங்க? அவக்கிட்ட போங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு பொய் செல்லி இத மூட வாணாம். மெசின் பிழை, புது ஸ்கேன்ல சரி எண்டெல்லாம் வாணாம். அப்பிடிச் சென்னா நாளைக்கே திரும்ப அவட கிட்னியக் கேட்டு வருவாங்க."

உண்மையைச் சொன்னால், நான் அங்கே போகும்போது அதே பொய்யைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

மறுநாள் விடுப்புப் போட்டு, குறிஞ்சிப்பிட்டிக்கு பஸ் ஏறினேன். பாலர் பாடசாலை பதினொன்றரைக்கு விட்டது. பிள்ளைகள் எல்லோரையும் தாய்மார் கூட்டிப்போன பிறகு, றிஸ்னா குட்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றில் உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது.

நான் பாஹிமாவிடம் சொன்னதைச் சொன்னேன். அது பொய் என்று சொன்னேன். மாப்பிள்ளையின் உம்மா வந்ததையும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்தாள். "பொய்யா?"

"பொய் மகள். ஒன்ட ரெண்டு கிட்னியும் நல்லாத்தான் இரிக்கி. ரிப்போட்டு என்ட பையில இரிக்கி, பாரு."

அவள் அதை வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பாஹிமா மச்சி வந்து சென்னா, எனக்கு ஒண்டு சின்னது எண்டு. டொக்டர் நானாக்குச் செல்லப்போறது பொருந்தல்ல எண்டு மட்டும்தானே. இது வேற கதையா இரிந்திச்சு. அப்ப உண்மையிலயே என்னமோ கண்டுபிடிச்சிட்டு, நான் பயப்படுவேன் எண்டு எனக்கு மறைச்சிட்டாங்க எண்டு நெனச்சேன். எட்டு மாசமா மிஸ். கால் வீங்கிரிக்கா எண்டு ஒவ்வொரு நாள் காலையிலயும் பாப்பேன். நானாட வருத்தம் எனக்கும் வந்திட்டு, குடுக்காததுக்குத் தண்டன எண்டு நெனச்சேன்."

கலியாணம் நின்றதைத்தான் நான் செய்த கேடு என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இது அதைவிடப் பெரியது. எத்தனையோ நோயாளிகளுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நின்றவள் நான். அந்தக் குட்டிக் கதிரையில் இருந்தபடி வெட்கத்தில் கூனிப்போனேன். மன்னித்துக்கொள் என்றேன். அவள் ரிப்போட்டை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இரண்டு முறை வாசித்தாள்.

"இப்ப என்ன செய்யலாம் எண்டு நீதான் செல்லணும்," என்றேன். "இந்த ரிப்போட்ட மாப்பிள்ள வீட்டுக்குக் காட்டலாம். காட்டினா நானாட காதுக்கும் போகும். ஒண்டும் செய்யாம விடலாம். நீ எத சென்னாலும் நான் ஒன்ட பக்கம்."

அவள் ரிப்போட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நானாக்கிட்ட நானே செல்றேன்," என்றாள். "அவருக்கு முன்னால பயந்தவ எண்டு இரிக்கிறது பரவால்ல. அதுதானே உண்ம. வருத்தக்காரி எண்டு பொய்யா இரிக்க எனக்கு ஏலாது."

"நானும் கூட வரட்டா?"

"வாணாம் மிஸ். நீங்க இனி ஒண்டும் கதைக்காம இரிந்தா போதும்."

நியாயமான தண்டனை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே, பரிசோதனை முடிவில் குடும்பத்துக்குக் கொடுக்கும் கடிதத்தை மாற்றினோம். நிரோஷினி கேட்ட கடிதம் அதுதான். கிட்னி தருவதாக வந்து, விருப்பமில்லை என்று சொன்னவருக்கும், இதயத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டவருக்கும், இரத்தம் சேராதவருக்கும் ஒரே வரி: இன்னாரிடமிருந்து சிறுநீரகம் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது. காரணத்தை அந்த ஆளுக்கு மட்டும் வாயால் சொல்வோம். முதல் நாளே, பரிசோதனை தொடங்கும் முன்பே, முழுக் குடும்பத்தையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவோம்: எது நடந்தாலும் காரணம் உங்களுக்குத் தெரியவராது, சம்மதமென்றால் தொடங்குவோம். எல்லோருக்கும் ஒரே வரி என்றால் எந்த வரியிலிருந்தும் ஒன்றையும் மோப்பம் பிடிக்க முடியாது. டொக்டர் அதன்பிறகு தன் பொய்யையும் விட்டுவிட்டார். பொருந்தவில்லை என்ற சொல்லே எங்கள் பிரிவில் இல்லாமல் போனது. சனம் சண்டைக்கு வரும். வரட்டும். சண்டையைத் தாதி தாங்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் நமக்குச் சீருடை.

றிஸ்னா அண்ணனிடம் சொன்னாள் என்பதை நௌசரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்து படுத்தார். நான் கையைக் கழுவி, துடைத்து, மேல் ஊசியையும் கீழ் ஊசியையும் ஏற்றினேன். வழக்கமாக அந்த நேரம் இயந்திரத்தைப் பற்றி ஏதாவது சொல்வார். அன்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த செவ்வாயும் அப்படித்தான். பாஹிமா கூட வந்தாள், என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான் என் வேலையைச் செய்தேன். அழுத்தம் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நீளமான மாதம் அது.

ஒருநாள் அவராகக் கேட்டார். சுவரைப் பார்த்தபடிதான்.

"மிஸ், அண்டைக்கு அந்த ரூமுக்குள்ள அவ அழுதாளா?"

"ரூமுக்குள்ள நடந்தத நான் செல்ல மாட்டேன் நௌசர். ஒங்களுக்கும் செல்ல மாட்டேன்."

"அழுதிரிப்பா," என்றார். "சின்னதில பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தா, ஓடிவந்து என்ட வகுப்புக்குள்ள ஒளிவா. அவளுக்காக நான் ரெண்டு தரம் ஊசி போட்டிரிக்கேன், அவட பேர்ல." அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

மின்நிலையத்துப் பையனின் வீட்டில் ரிப்போட்டைப் பார்த்தார்கள் என்றும், பேச்சு மறுபடி தொடங்கியது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அண்ணனுக்குக் கொடுக்க மறுத்த பெண்ணா என்று அந்த உம்மா ஒருமுறை இழுத்தாராம். பையன், அவள் மறைக்காமல் சொன்னாளே, அது போதும் என்றானாம். நல்ல பையன். ஆனால் அதோடு முடியவில்லை. வாப்பா இல்லாத பெண்ணை நிக்காஹ் செய்துகொடுக்க வேண்டியது மூத்த சகோதரன். சபையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் தங்கையை உமக்குத் தந்தேன் என்று அவர்தான் சொல்ல வேண்டும். நௌசர் தங்கையோடு கதைக்கிறாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. ஒன்றும் கதைக்க வேண்டாம் என்று றிஸ்னா சொல்லியிருந்தாள், அதனால் கேட்கவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி கழற்றும் நேரம். இடது கையில் போட்ட இரத்த இணைப்பு அடைபட்டுப்போனதால் அவருக்கு வலது கையில்தான் ஊசி. நான் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். பாஹிமா பக்கத்தில் நின்றாள்.

"மிஸ்," என்றார். "இந்த வெள்ளிக்கிழமை எனக்கு வர ஏலாது. ஒரு நாள் முந்தி, வியாழக்கிழமை ஏத்தித் தர ஏலுமா?"

"வியாழன் எடம் இல்லையே. என்னத்துக்கு?"

"வெள்ளிக்கிழமை அசறுத் தொழுகைக்குப் பொறகு றிஸ்னாட நிக்காஹ்."

நான் துணியை அழுத்தியபடியே இருந்தேன். பாஹிமா பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில செஞ்சிட்டுப் போகலாமே," என்றேன். சும்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

"ஏலும் மிஸ். ஆனா கட்டுப் போட்ட கையோட போகணும்." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "மாப்பிள்ளக்கி இந்தக் கையத்தான் குடுக்கணும். அவ பாத்தா, கட்டத்தான் பாத்துட்டு இரிப்பா. அண்டைக்கு அவ அதப் பாக்க வாணாம்."

வியாழக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு, இயந்திரம் ஒன்றும் மிச்சமில்லாத நாளில், வழக்கமான முதல் சுற்றுக்கு முன்னால் அவரை ஏற்றினேன்.